வெயிலுக்குக் கட்டணம்

பொருள் எண் பதினேழில் தெருநாய்கள் இருந்தன. பிடித்து, கருத்தடை செய்து, பிடித்த தெருவிலேயே திரும்ப விடுவதற்கு ஆகும் செலவை மன்றத்தின் பார்வைக்கும் முடிவுக்கும் வைப்பதாகத் தலைமை எழுத்தர் அருணாசலவடிவு மூக்கால் வாசித்துக்கொண்டிருந்தார். பிரமசக்திக்கு முதுகு வேர்த்தது. ஒன்பதாவது வார்டு உறுப்பினர் என்று எழுதிய பலகைக்குப் பின்னால் அவள் உட்காரத் தொடங்கி மூன்று வருஷம் ஆகிறது; அந்தப் பலகை இருப்பது இரண்டு மின்விசிறிகளுக்கு நடுவில், இரண்டு காற்றும் வந்து சேராத இடத்தில். அதை நகர்த்திப் போடச் சொல்லலாம். சொன்னதில்லை. சொன்னால் அருணாசலவடிவு, அண்ணன்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுதேம்மா என்பார், ஒரு பலகையை நகர்த்துவதற்குக்கூட. அண்ணன் என்றால் அவள் வீட்டுக்காரன் லிங்கதுரை. அவன் ஜன்னலுக்கு வெளியே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், டீக்கடை பெஞ்சில் கால்மேல் கால் போட்டு இருந்தான். பெண் உறுப்பினர்களின் வீட்டுக்காரர்கள் மன்றத்துக்குள் வந்து உட்காரக் கூடாது என்று மேலேயிருந்து உத்தரவு வந்த பிறகு அந்த பெஞ்சுதான் அவர்களுக்கு மன்றம். நாலாவது வார்டின் வீட்டுக்காரர் வடை தின்றுகொண்டிருந்தார். ஏழாவது வார்டின் வீட்டுக்காரர் செல்போனில் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார். அங்கே பேசி முடித்ததுதான் இங்கே வாசிக்கப்படுகிறது. இங்கே இருக்கிற பொம்பளைகள் கையெழுத்துக்கு வந்தவர்கள். கையெழுத்துக்கும் பாதாம்பாலுக்கும். பாதாம்பால் வந்தது. அதன் மேல் ஆடை கட்டியிருந்தது. அவள் அதை விரலால் ஒதுக்கிவிட்டு, நாயைப் பிடித்த தெருவிலேயே விடுவதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது என்று நினைத்தாள். வேறு தெருவில் விட்டால் அங்கே இருக்கிற நாய்கள் கடித்தே கொன்றுவிடும். யாருக்கும் ஆட்சேபணை இல்லையே என்று தலைவர் பரமார்த்தலிங்கம் கேட்டார், கேட்கும்போதே அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

பொருள் எண் பதினெட்டு. பேரூராட்சி எல்லைக்குட்பட்ட குடியிருப்புக் கட்டிடங்களின் மேற்கூரைகளில் சூரிய ஒளி மின் தகடுகள் நிறுவுவதை முறைப்படுத்துவது தொடர்பாக. சோலார் என்று புரிய அவளுக்கு ஒரு நொடி ஆயிற்று, புரிந்ததும் ஒரு சந்தோஷம் வந்தது, அதுதான் பிறகு அவளால் தாங்க முடியாததாக இருந்தது, அந்த ஒரு நொடி சந்தோஷம், தெற்குத் தெருவைப் பற்றி நல்லதாக ஏதோ சொல்லப்போகிறார்கள் என்று நினைத்து முந்தானையைச் சரிசெய்துகொண்ட அந்த அசட்டுத்தனம். அருணாசலவடிவு வாசித்தார். தகடு பொருத்திய ஒவ்வொரு வீட்டுக்கும் ஆண்டுதோறும் மேற்கூரைப் பயன்பாட்டுக் கட்டணம். ஆள் உயரத்துக்கு மேலே இரும்புச் சட்டம் போட்டுத் தகடு வைத்திருந்தால் அது கூடுதல் கட்டுமானம், அதற்குத் தனியாக வரைபட அனுமதி, அதற்குத் தனியாகக் கட்டணம். ஏற்கெனவே நிறுவப்பட்டவை தொண்ணூறு நாட்களுக்குள், அலுவலகத்தில் பதிவு பெற்ற பொறியாளரிடம் கட்டிட உறுதித்தன்மைச் சான்று பெற்று, வரன்முறைப்படுத்தப்பட வேண்டும். தவறினால் அகற்றப்படும். மேற்கூரைப் பயன்பாடு. அவள் மனது அந்த இடத்தில் மாட்டிக்கொண்டது, ஆணியில் சேலை மாட்டின மாதிரி. மேற்கூரையைப் பயன்படுத்துவதற்கு இவர்களுக்கு எதற்குக் காசு. யார் போட்ட கூரை. வீட்டுக்கு வரி கட்டியாச்சு, வராத தண்ணிக்குக் கட்டியாச்சு, எடுக்காத குப்பைக்குக் கட்டியாச்சு, இனிமேல் வீட்டுக்கு மேல்பக்கமும் இவர்களுடையதா. வத்தல் காயப் போட்டால் அது பயன்பாடு இல்லையா. கொடியில் துணி கிடந்தால். கோடையில் கட்டிலைத் தூக்கிக்கொண்டுபோய் மாடியில் படுத்தால் தலைக்கு இவ்வளவு என்று வாங்குவார்களா. வெயிலுக்குக் கட்டணம். இந்த ஊரில் சும்மா கிடைக்கிறது அது ஒன்றுதான், மாசி தொடங்கி ஐப்பசி வரைக்கும் மண்டையைப் பிளக்கிற வெயில், அதுக்கும் ரசீது போட உட்கார்ந்துவிட்டார்கள். ஏற்கெனவே நிறுவப்பட்டவை என்ற வார்த்தை இன்னும் காதுக்குள் நின்றது. ஏற்கெனவே நிறுவப்பட்டவை என்றால் யார். ஊருக்குள் சோலார் போட்ட வீடுகள் அவளுடையதையும் சேர்த்துப் பதினோரு வீடு. பதினொன்றும் தெற்குத் தெருவில், அவளுடைய வார்டில். தன் வீடு போக மற்ற பத்தும் அவள் போய்ச் சொல்லிப் போட்டது.

போன வருஷம் பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டிருந்தார்கள், மானியத்தில் சோலார் என்று, ஓர் அதிகாரி படம் போட்டு விளக்கினார், கேட்க மொத்தம் ஆறு பேர், அதில் நாலு பேர் சாப்பாட்டுக்கு. லிங்கதுரை அன்றைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்ததால் அவள் தனியாக அங்கே உட்கார வேண்டியதாயிற்று. தனியாக உட்கார்ந்ததால் காதில் விழுந்தது. விழுந்ததை அவள் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்து, மறுநாள் மத்தியானம் வீடு வீடாக ஏறினாள். அரசாங்கம் பாதி தருது, பேங்கு மீதியக் கடனாத் தரும், பில்லுல மிச்சமாகிறத வச்சே கடன் அடையும். கதவைத் திறந்த பொம்பளைகள் முதலில் அவள் முதுகுக்குப் பின்னால் பார்த்தார்கள், அண்ணன் வரலியா. வரல, நாந்தான் வந்திருக்கேன். தையல்காரி மைதீன் பாத்து அப்போது நைட்டிக்குக் கழுத்து அடித்துக்கொண்டிருந்தாள். நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு, இதுல எதும் பின்னால வராதுல்லாக்கா, எங்க வீட்டுல ஆம்பள சவூதில இருக்கு, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா ஓட ஆள் கெடையாது என்று கேட்டாள். பின்னால எதும் வராது, நான் இருக்கேன்ல. அப்படித்தான் சொன்னாள். நான் இருக்கேன்ல. எங்கிருந்து வந்தது அந்த வார்த்தை. வீட்டில் ஒரு குக்கர் வாங்குவதற்குக்கூட அந்த வார்த்தையை அவள் சொன்னதில்லை. பாத்து தகடு போட்டாள், பகல் முழுக்க இரண்டு மோட்டார் மிஷின் ஓட்டினாள், முதல் பில்லைத் தூக்கிக்கொண்டு செருப்புகூடப் போடாமல் ஓடிவந்து, பிரமசக்திக்கா, இதப் பாருங்க, பிரமசக்திக்கா என்று வாசலில் நின்று கூப்பிட்டபோது, யாரைக் கூப்பிடுகிறாள் என்று அவளுக்கே ஒரு கணம் தெரியவில்லை. தெருவில் அவள் லிங்கதுரை வீட்டம்மா, ஜெயித்த பிறகு கவுன்சிலர் வீட்டம்மா, அதாவது கவுன்சிலர் வேறு யாரோ, அவள் அவர் வீட்டம்மா. லிங்கதுரை உள்ளே இருந்து சிரித்தான். நீ என்ன, சோலார் கம்பெனிக்கு ஏஜெண்டா போயிட்டியா. சிரித்தானே தவிர அடுத்த வாரம் தன் வீட்டிலும் போடச் சொன்னான். ஊர்ப் பாராட்டு வந்ததும் பத்திரிகை ஆளைக் கூப்பிட்டு, நாங்கதான் இந்தத் திட்டத்தத் தெருவுக்குக் கொண்டாந்தோம் என்று பேட்டியும் கொடுத்தான். போகட்டும் என்று விட்டாள். அந்தப் போகட்டும்-களை எல்லாம் ஒரு மூட்டையாகக் கட்டினால் தூக்க ஒரு மாட்டுவண்டி வேண்டும்.

பதிவு பெற்ற பொறியாளர் விவரம் என்று அருணாசலவடிவு வாசித்தார். பொறியாளர் சு. சுயம்புலிங்கம். அவள் நிமிர்ந்தாள். யாரும் நிமிரவில்லை, மூன்றாவது வார்டு உறுப்பினர் மிக்சரில் கடலையைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். சுயம்பு. லிங்கதுரையின் அக்கா மகன். போன மாதம் ஒரு காலையில் அவன் டேப்பை எடுத்துக்கொண்டு அவள் வீட்டு மாடிக்கு ஏறினான், சட்டத்தின் உயரத்தை அளந்தான், செல்போனில் படம் எடுத்தான், அப்படியே பக்கத்து மாடிகளையும் எடுத்தான்; அவள் காப்பி கொண்டுபோய்க் கொடுத்து என்னய்யா அளக்க என்று கேட்டதற்கு, சும்மாதான் அத்த, ஒரு கணக்குக்கு, நீங்க ஒண்ணும் பயப்படாதிய, ஒங்களுக்கு ஒண்ணும் வராது, மாமா பாத்துக்கிடுவாக என்றான். பயப்படுவதற்கு என்ன இருக்கிறது என்று அப்போது அவள் யோசிக்கவில்லை. காப்பியில் சீனி போதுமா என்று கேட்டாள். சீனி போதுமா. அவன் அவளுடைய மாடியில் நின்று அவளுடைய தெருவை அளந்துகொண்டிருக்கிறான், அவள் சீனி போதுமா என்று கேட்கிறாள். இப்போது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து உட்கார்ந்தன, தலைவர் வீட்டுக்கு இரண்டு தடவை லிங்கதுரை போனது, சுயம்பு வீட்டில் புது கார் பேச்சு, லிங்கதுரையின் அக்கா போனில் தம்பியைப் பற்றி உருகினது, இந்த ஊரில் இனி தகடு போடுகிறவன் எல்லாம், ஏற்கெனவே போட்டவனும், ஒரே வாசலில் போய் நின்று சான்று வாங்க வேண்டும், அந்த வாசலுக்குப் பின்னால் அவள் புருஷன் இருக்கிறான். அவளை வைத்தே போட வைத்து, அவளை வைத்தே வாங்குகிறான். அவளுடைய கையெழுத்தில். இந்தக் கூட்ட அஜெண்டா மூன்று நாளைக்கு முன்னால் வீட்டுக்கு வந்தது. ஆபீஸ் பையன் தபால் புத்தகத்தை நீட்டினான், அவள் மீனைக் கழுவிக்கொண்டிருந்தவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, பெற்றுக்கொண்டேன் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள், தாளை லிங்கதுரை வாங்கிப் பைக்குள் வைத்தான். அந்தப் பையில்தான் அவளுடைய லெட்டர்பேடு இருக்கிறது, அவளுடைய முத்திரை இருக்கிறது. கவுன்சிலர் நம்பர் என்று ஊருக்குக் கொடுத்த செல்போனும் அதில்தான். ஒரு நாள் அந்தப் பையைத் திறந்து பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதுகூட இல்லை. மீன் செதில் ஒன்று அந்தக் கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தது, பையன் அதைச் சுண்டிவிட்டான்.

கோபம் என்பது வயிற்றில் இருந்து வரும் என்று அவள் நினைத்திருந்தாள். அது தாடையில் வந்தது. பல்லோடு பல் இறுகி, காதுக்குக் கீழே ஒரு நரம்பு துடித்தது. பேச வேண்டும் என்றால் முதலில் வாயைத் திறக்க வேண்டும், வாய் திறக்கவில்லை. யாருக்கும் ஆட்சேபணை இல்லையே. தலைவர் கேட்டார். இல்லை என்று யாரும் சொல்லவில்லை, உண்டு என்றும் யாரும் சொல்லவில்லை, ஒரு நாற்காலி கிறீச்சிட்டது, பக்கம் திரும்பியது. பொருள் எண் பத்தொன்பது, வாரச்சந்தை ஏலம். போய்விட்டது. அவ்வளவுதான், ஒரு மூச்சு விடுகிற நேரம். பாத்துவின் மேல்மாடி, சந்தனக்கனி வீட்டு மேல்மாடி, போன மாதம்தான் கடன் தொடங்கியிருக்கிற கடைசி வீடு, எல்லாம் ஒரு பக்கம் திருப்புகிற சத்தத்தில் முடிந்தது. இப்போது எழுந்து சொன்னால் என்ன ஆகும். லிங்கதுரை அடிக்கிறவன் இல்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் கை நீட்டியதில்லை என்று அவள் அம்மாவிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். அவன் செய்வது வேறு. வீட்டில் சாப்பிட மாட்டான். கடையில் சாப்பிட்டுவிட்டு வந்து, அவள் வைத்த சோறு வைத்த இடத்தில் இருக்க, அதைத் தாண்டி நடந்து போவான். அவளிடம் பேச வேண்டியதைக் கல்லூரியில் படிக்கிற மகளுக்குப் போன் போட்டு, ஒங்கம்மாகிட்ட சொல்லு என்பான். மகள் அங்கிருந்து, அம்மா என்னதாம்மா பண்ணித் தொலச்ச, எனக்கு நாளைக்குப் பரீச்சை என்று அழுவாள். ஒரு தடவை அது பதினெட்டு நாள் நடந்தது, எதற்கு என்றுகூட இப்போது ஞாபகம் இல்லை, ஞாபகம் இருப்பதெல்லாம் கடைசியில் தான் போய் மன்னிச்சிருங்க என்று சொன்னது மட்டும். அடித்திருந்தால்கூட ஒரு தழும்பு இருந்திருக்கும், காட்டலாம். சாப்பிடாமல் போனதை யாரிடம் காட்டுவது. இதற்குப் பயந்துதானா. ஆற வைத்த ஒரு தட்டுச் சோற்றுக்குப் பயந்தா பத்து வீட்டை விட்டுக்கொடுப்பது. அந்த நினைப்பு வந்ததும் லிங்கதுரை மேல் இருந்த கோபம் அப்படியே திரும்பி அவள் மேலேயே விழுந்தது, அதுதான் அதிகமாகச் சுட்டது. சந்தைக்குள் வண்டி நிறுத்துவதற்கு எவ்வளவு என்று அருணாசலவடிவு வாசித்துக்கொண்டிருந்தார். தக்காளி வண்டிக்கு ஒன்று, வாழைத்தார் வண்டிக்கு ஒன்று. எதற்கும் ஒன்று.

“பதினெட்டாவதுக்கு வாங்க.”

யார் பேசியது என்று மூன்றாவது வார்டு திரும்பிப் பார்த்தார். அவளும் திரும்பிப் பார்க்கப் போனாள். தன் குரல்தான் என்று தெரிந்ததும் எழுந்து நின்றாள். எழுந்த வேகத்தில் பாதாம்பால் தம்ளர் சாய்ந்து, மேசையில் வைத்திருந்த அஜெண்டாப் பிரதி மேல் கொட்டியது. அருணாசலவடிவு மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, “அது முடிஞ்சிட்டும்மா, இப்ப சந்தை” என்றார்.

“முடியல. எனக்கு ஆட்சேபணை இருக்கு.”

தலைவர் பரமார்த்தலிங்கம் சிரித்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது, அவள் வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் முதல் ஆளாக வருகிறவர், லிங்கதுரையை மாப்ள என்றும் அவளைத் தங்கச்சி என்றும் கூப்பிடுகிறவர். “தங்கச்சி, உக்காரு. மாப்ளகிட்ட எல்லாம் பேசியாச்சு. அவனுக்குத் தெரியும்.”

“அவங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. நான் இப்பதான் கேட்டேன்.”

“வீட்டுல போயி கேட்டுக்கோ.”

“வீட்டுல கேக்கதுக்கு எதுக்கு இங்க பலகை வச்சிருக்கிய.” அவள் உட்காரவில்லை. “எந்தெருவுல பத்து வீட்டுக்காரங்க நான் சொல்லித்தான் போட்டாங்க. அரசாங்கம் மானியம் குடுத்துப் போடச் சொல்லுது, நீங்க போட்டதுக்குத் தண்டம் கேக்கிய. மாடில இருக்க தகடு ஒங்க ரோட்டத் தொடுதா, ஒங்க வாய்க்கால அடைக்கா. எதுக்குக் கட்டணம். சான்றிதழ் குடுக்க இந்த ஊருல ஒரே ஒரு இன்ஜினியர்தான் இருக்காரா. அவரு யாரு. எங்க வீட்டுக்காரங்க அக்கா மகன். அத நீங்க யாரும் சொல்லல, நான் சொல்லுதேன், அதையும் எழுதிக்கிடுங்க.”

நாலாவது வார்டு உறுப்பினர், அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், யக்கா, உக்காருங்கக்கா என்று சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். பயத்தில் இழுத்தாள், பகையில் அல்ல. ஆனால் நாலாவது வார்டு எழுந்து நிற்கவில்லை. யாரும் நிற்கவில்லை. செயல் அலுவலர், மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆன சின்ன வயது ஆள், தலைவர் முகத்தைப் பார்க்காமல் கோப்பைப் பார்த்தபடி, “உறுப்பினர் எழுத்துப்பூர்வமாக் குடுத்தா நடவடிக்கைக் குறிப்புல சேக்கணும்” என்றார். அவருக்கு இதில் நல்லதும் கெட்டதும் இல்லை என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது. லெட்டர்பேடுல குடுங்க என்றார் அருணாசலவடிவு. லெட்டர்பேடு ரோட்டுக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் ஒரு பைக்குள் இருந்தது. அவள் பால் கொட்டாத பக்கமாகப் பார்த்து அஜெண்டாவில் ஒரு தாளைக் கிழித்தாள், பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினாள். அதற்குள் யாரோ லிங்கதுரையிடம் சொல்லியிருக்க வேண்டும். இடுப்பில் செருகியிருந்த செல்போன் அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. ஜன்னல் பக்கம் பார்க்காமலே அவன் எழுந்து நிற்பது தெரிந்தது. ஆட்சேபணை என்ற சொல்லில் றன்னகரமா டண்ணகரமா என்று ஒரு குழப்பம் வந்தது, பள்ளிக்கூடத்தில் வந்த மாதிரி, கையெல்லாம் வேர்த்து. எது வருகிறதோ அது என்று எழுதினாள். இடுப்பில் அது அதிர்ந்துகொண்டே இருந்தது, ஒரு தேள் மாதிரி, அவள் எழுதிக்கொண்டே இருந்தாள். கையெழுத்துப் போட்டாள். தலைவர் சலித்துக்கொண்டு கையைத் தூக்கச் சொன்னார். ஆதரிப்பவர்கள். பதினாலு கை. நாலாவது வார்டின் கை கடைசியாக, முழங்கையளவு மட்டும் ஏறியது. தீர்மானம் நிறைவேறியது, ஒரே ஒரு உறுப்பினர் ஆட்சேபணையுடன். சந்தை ஏலத்துக்குப் போனார்கள்.

படி இறங்கினாள். லிங்கதுரை பைக்கை உதைத்துக் கிளப்பி வாசலிலேயே நிறுத்தியிருந்தான். பெஞ்சில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதனால் அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

“சிரிச்சிட்டே ஏறு. ஆளுக பாக்குதாங்க.”

“நான் நடந்து வாரேன்.”

“ஏட்டி, நமக்கு ஒண்ணும் வராது. நம்ம வீட்டுக்குச் சுயம்பு சும்மாவே போட்டுத் தந்திருவான். அதுக்குள்ள என்ன ஆட்டம் ஒனக்கு.”

“மத்த பத்து வீட்டுக்கு?”

“அவங்க ஒனக்கா ஓட்டுப் போட்டாங்க?” பல் தெரியச் சிரித்தபடியே சொன்னான். “எனக்குப் போட்டாங்க.”

அவள் நடந்தாள். பின்னால் பைக் கொஞ்ச தூரம் மெதுவாக வந்தது, பிறகு உறுமிக்கொண்டு தாண்டிப் போய்விட்டது. எனக்குப் போட்டாங்க. அதில் பொய் இல்லை, அதனால்தான் அது இப்படிக் குத்துகிறது. போஸ்டரில் அவன் முகம் பூசணிக்காய் மாதிரி, அவள் முகம் மூலையில் ரேஷன் கார்டுப் படம் மாதிரி. அவனுக்குத்தான் போட்டார்கள். ஆனால் சோலார் போட்டது அவனுக்காக இல்லை. ஓட்டு வேண்டுமானால் அவனுடையதாக இருக்கட்டும், அந்தப் பத்து வீட்டுக் கதவும் தனக்குத் திறந்தது, அதை அவன் எடுத்துக்கொள்ள முடியாது; ஆனால் எடுத்துக்கொண்டுவிட்டானே, இன்றைக்குக் காலையில், ஒரு டீ குடிக்கிற நேரத்தில். வெயில் உச்சியில் நின்றது. தார் ரோடு செருப்பைப் பிடித்து இழுத்தது. மாலையில் அடுப்பில் என்ன வைப்பது, வைத்தால் அவன் தொடப்போவதில்லை, வைக்காவிட்டால் அது ஒரு குற்றமாகும், மகளுக்குப் போன் போயிருக்குமா இதற்குள், போயிருக்கும். போகட்டும். இல்லை, அந்த வார்த்தை வேண்டாம். தெற்குத் தெருவுக்குள் நுழைந்ததும் தலையைத் தூக்கிப் பார்த்தாள், மாடி மாடியாகத் தகடுகள், கருநீலமாக, வெயிலைப் பார்த்துச் சாய்ந்து. தான் செய்தது பெரிய காரியம் என்று ஒரு மூலையில் தோன்றிக்கொண்டிருந்தது. ஒத்தை ஆளாக நின்றேன். பாத்துவிடம் சொன்னால் கையைப் பிடித்துக்கொள்வாள். தண்ணீர் தருவாள், உட்காருங்கக்கா என்பாள்.

மைதீன் பாத்து மிஷினை நிறுத்தாமல் கேட்டாள். கால் பெடலில் இருந்தது, துணி ஊசிக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தது. தொண்ணூறு நாள், சான்று, கட்டணம், அகற்றப்படும் என்று பிரமசக்தி சொன்ன ஒவ்வொன்றுக்கும் அவள் முகம் ஒவ்வொரு கதவாகச் சாத்தியது. நான் எந்திரிச்சு நின்னேன், எழுதிக் குடுத்திருக்கேன், நாலாவது வார்டுக்காரி கையே அரைமனசாத்தான் ஏறுச்சு, ஆனா நின்னது நான் மட்டுந்தான் என்று முடித்தபோது மிஷின் நின்றது.

“பின்னால எதும் வராதுன்னியளேக்கா.”

“சொன்னேன்.”

“இது எப்ப தெரியும் ஒங்களுக்கு?”

“இன்னைக்குத்தான்.”

“அந்தக் காயிதம் முன்கூட்டியே வீட்டுக்கு வரும்லா. எங்க வாப்பா அந்தக் காலத்துல மெம்பரா இருந்தாக, எனக்குத் தெரியும். வரலியா?”

பிரமசக்திக்கு மீன் நாற்றம் இன்னும் கையில் இருப்பது போலிருந்தது.

“வந்திருக்கு. படிக்கல நீங்க.” பாத்து கத்தவில்லை. “ஒத்தையா நின்னேன்னு சொல்லுதிய. ஏன் ஒத்தையா நின்னிய. முன்னாலயே எங்க காதுல போட்டிருந்தா பத்து வீட்டுக்காரங்களும் வந்து அந்த ஆபீஸ் வாசல்ல உக்காந்திருப்போம்லா. பொம்பளைங்கதான், ஆனாலும் வந்து உக்கார எங்களுக்குத் தெரியும். அவரும் ஒங்ககிட்ட கேக்காம முடிவு பண்ணுதாரு, நீங்களும் எங்ககிட்ட கேக்காமத்தான் போயி நின்னிய. எங்களுக்கு என்ன வித்தியாசம்.”

பாத்துவைத் திட்ட வேண்டும் போல ஒரு ஆங்காரம் எழுந்தது. வெயிலில் நடந்து வந்திருக்கிறேன், புருஷனை ரோட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன், இன்னும் எத்தனை நாள் அந்த வீட்டில் பேச்சுச் சத்தம் இருக்காதோ, உனக்காக, உன் இரண்டு மிஷினுக்காக. எழுந்தது, தாடை வரை வந்தது, அங்கே நின்றது. ஏனென்றால் பாத்து கேட்டது சரி. இன்றைக்குக் காலையிலிருந்து கேட்ட பேச்சிலேயே சரியான கோபம் இதுதான், நேராக, சிரிக்காமல், அவளைத் தங்கச்சி என்றோ வீட்டம்மா என்றோ கூப்பிடாமல், செய்ய வேண்டியதைச் செய்யாத ஒரு கவுன்சிலரிடம் கேட்கிற கோபம். உட்காருங்க என்று பாத்து சொல்லவில்லை. தண்ணீரும் தரவில்லை. பிரமசக்தி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அடுத்த கூட்டம் என்னைக்கு?” என்று கேட்டாள் பாத்து.

தெரியாது. தேதி அவளுக்குத் தெரிந்ததே இல்லை. கிளம்பு என்பான், கிளம்புவாள். இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். திரையில் லிங்கதுரையின் பெயர் அடுக்கடுக்காக நின்றது, அதற்குக் கீழே மகளின் பெயர் இரண்டு தடவை. எல்லாவற்றையும் தள்ளிவிட்டு அலுவலக நம்பரைத் தேடினாள், அது அவள் போனில் இல்லை. பாத்து வீட்டுவரி ரசீதை எடுத்து நீட்டினாள், அதில் அச்சடித்திருந்தது. அருணாசலவடிவு எடுத்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தார் போலும், வாய் நிறைந்த குரல்.

“ஒம்பதாவது வார்டு மெம்பர் பேசுதேன். அடுத்த கூட்டம் எந்தத் தேதி?”

“தேதி முடிவானதும் அண்ணன்கிட்ட சொல்லிருதேம்மா.”

“முடிவாயிருக்கும். எங்கிட்டச் சொல்லுங்க.”

அந்தப் பக்கம் ஒரு விழுங்குகிற சத்தம். பிறகு ஏதோ தாள் புரளும் சத்தம். “அடுத்த மாசம் கடைசி வெள்ளிக்கெழம, பதினோரு மணி.”

“தீர்மானத்த மறுபடி எடுக்கணும்னா எத்தன உறுப்பினர் கையெழுத்து வேணும்?”

“அது வந்தும்மா... விதியப் பாத்துத்தான் சொல்லணும்.”

“பாருங்க. நாளைக்கு நான் ஆபீசுக்கு வாரேன். இனிமே அஜெண்டாவ எங்கையில குடுக்கச் சொல்லுங்க. வேற யார் கையிலயும் குடுத்தா நான் வாங்கலன்னு எழுதிக் குடுத்திருவேன்.”

வைத்துவிட்டு, கடைசி வெள்ளிக்கிழமை, பதினோரு மணி என்றாள். பாத்து துணியில் கோடு போடுகிற சாக்பீஸை எடுத்து, வெட்டு மேசையின் மரத்தில் பெரிய எழுத்தாக அதை எழுதினாள். எழுதிவிட்டு, பிரமசக்தி முகத்தைப் பார்க்காமல், “அந்த நாலாவது வார்டு அக்கா வீடு எது?” என்று கேட்டாள்.